அண்ணியின் மூக்கும் மூன்று தொட்டிகளும்

என் அண்ணியைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என் அண்ணனை நாலு திட்டுத் திட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. கூடப் பிறந்தவன். நல்லவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், குரலை உயர்த்தக்கூட மாட்டான். இப்படி நல்லவன் என்று பெயர் வாங்கிவிட்டவர்கள் செய்கிற அநியாயத்துக்கு யாரும் தண்டனை தருவதில்லை. கேட்டால், "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். அந்த முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குப் பட்டாசு என்று பெயர் வைத்ததும் அவன்தான். பற்றவைத்தது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அண்ணிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலை கேன்டீனில் அவளை மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பாத்திரம் கழுவப் போனவள், காய் நறுக்க மாறி, கடைசியில் அடுப்புக்கு வந்து, இப்போது அந்தச் சமையலறைக்கே அவள்தான் தலைமை. படிப்படியாக ஏறினாள் என்று சொல்வார்கள். நான் சொல்கிறேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஸ்டோர் ரூமில் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் குனிந்து நின்றபடியே, "கடைசி அடுப்புல சாதம் அடி பிடிக்குது, யாரு அங்க?" என்று கத்துவாள். போய்ப் பார்த்தால் அப்போதுதான் அடியில் லேசாக நிறம் மாறியிருக்கும். எண்ணெய் ஒரு கொதி அதிகமாகக் கொதித்திருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஒரு நாள் காலையில் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "கேஸ் வருது" என்றாள். வேறு யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஷிஃப்ட் ஆட்கள் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று சூப்பர்வைசர் குதித்தார். அவள் நகரவில்லை. மெக்கானிக் வந்து குழாயில் சோப்புத் தண்ணீரைத் தடவியபோது ஒரு மூட்டில் குமிழி வந்தது. அன்றைக்குப் பிறகு அந்த மூக்குக்கு எதிராக யாரும் பேசியது கிடையாது.

அந்த மூக்குதான் ஒரு காய்ச்சலில் போனது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, மணம் மட்டும் திரும்பவில்லை. முதலில் அவளே சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "குப்பைக் கூடையைத் தூக்கிட்டுப் போறது இப்ப ஈஸியா இருக்கு." வேலைக்குத் திரும்பிய அன்று அவளுக்குப் பின்னாலிருந்த வாணலியில் வெங்காயம் கரியாகிப் புகை எழும்பி, கண் எரிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். சமையலறையே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றாள்.

சூப்பர்வைசர் மோசமான ஆள் இல்லை. "மணம் தெரியாதவங்கள கேஸ் அடுப்புகிட்ட நிறுத்த எனக்கு தைரியம் இல்லம்மா. லீவு எடுத்துக்குங்க, வைத்தியம் பாருங்க. ஸ்டோர் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். சாவி கையில் இருக்கும்வரை வேலையும் இருக்கிறது என்று அண்ணி அந்தக் கொத்தைக் கைப்பையிலேயே வைத்திருந்தாள்.

மூக்கு டாக்டர் மாத்திரை ஒன்றும் தரவில்லை. "நல்ல மணமுள்ள பொருளா சிலதை எடுத்துக்குங்க. காலையிலயும் சாயங்காலமும் அதையே மோந்து பாருங்க. மூக்குக்கு மறுபடி பாடம் எடுக்கற மாதிரி. பொறுமை வேணும்" என்று அனுப்பிவிட்டார். காபித்தூளை மோந்தாள்; எரிந்த ரப்பர் மாதிரி இருந்தது. சோப்பும் அதே ரப்பர். எலுமிச்சம்பழத்தில் ஒன்றுமே இல்லை. புதினாக் கட்டு ஒன்று வாங்கி மோந்து பார்த்துவிட்டு, மிச்சக் காம்புகளைத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளரில் போட்டு வைத்தாள். அது வேர் விட்டது. அப்படித்தான் அந்தத் தோட்டம் ஆரம்பித்தது.

தோட்டம் என்றால் மூன்று தொட்டிதான். அவர்கள் வீட்டுச் சமையலறை ஒரு ஆள் நிற்கிற அகலம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு அடியில் ஒரு கல் பலகை. எதிரே தெருவைத் தாண்டி இன்னொரு அடுக்குமாடியின் பால்கனிகள். பலகையில் ஐஸ்கிரீம் டப்பாவில் புதினா, பிடி உடைந்த பெரிய கோப்பையில் கொத்தமல்லி, பெயின்ட் டின்னில் கற்பூரவல்லி. இத்தனை வருஷமாகக் கீரையைக் கட்டுக் கட்டாகப் பார்த்தவளே ஒழிய மண்ணில் பார்த்தவள் இல்லை அவள். கொத்தமல்லி விதையை உடைத்துத்தான் போட வேண்டும் என்பதே பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். கற்பூரவல்லிக் கிளையும் அவள் கொடுத்ததுதான்.

அதில் முதலில் செத்தது கற்பூரவல்லி. இருப்பதிலேயே மணம் தூக்கலானது அதுதான். தடித்த இலை, தண்ணீர் அதிகம் கேட்காது. ஆனால் இந்த வீட்டு ஆட்களுக்குப் பாசம் பொத்துக்கொண்டு ஊற்றும். அண்ணன் காபி குடித்த தம்ளரைக் கழுவி அதில் ஊற்றுவான். அவன் மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை அதில் கவிழ்ப்பாள். பெயின்ட் டின்னுக்கு அடியில் ஓட்டைகூட இல்லை. ஒருவர் ஊற்றியது இன்னொருவருக்குத் தெரியாது. "நானும் என் பங்குக்குப் பாத்துக்கிட்டேன்" என்று ஆளாளுக்குப் பெருமை வேறு. தண்டு அழுகி ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது எல்லாரும் ஐயோ பாவம் என்றார்கள்.

ஒரு நாள் காலையில் அண்ணி எனக்குப் போன் செய்தாள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலை பார்க்கிறவள். அப்போது பக்கத்தில் ஒருவர் கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு புதினா வந்துச்சு" என்றாள், விருந்தாளி வந்த மாதிரி. "ஒரு இழைதான். வந்துட்டுப் போயிடுச்சு. ஆனா வந்துச்சு."

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு நான் அழுதேன். கற்றுக்கொள்ள வந்தவர் தன்னால்தான் அழுகிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் போனில் அவள் குரலே வேறாக இருந்தது. அப்புறம் சுருதி இறங்க ஆரம்பித்தது. "நேத்து வந்த அளவுகூட இன்னைக்கு வரல." "இன்னைக்கு சுத்தமா இல்ல." பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை அண்ணன் கூப்பிட்டான்.

"பட்டாசு, உங்க அண்ணி வேலைய விட்டுடறேங்கறா. திங்கக்கிழமை போயி சாவியக் குடுத்துட்டு வந்துடுவாளாம். நீ வந்து நல்ல முடிவுதான்னு ரெண்டு வார்த்தை சொல்லு. மனசு தேறுவா."

"நல்ல முடிவுன்னு நான் சொல்லணுமா?"

"பின்ன என்ன பண்றது? மூக்கு வரலையே."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் இறங்கினேன். அண்ணி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகள் சோபாவில் போனுக்குள் இருந்தாள். நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். இவ்வளவு நாள் போனில் கேட்ட புதினாவை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை.

பார்த்ததும் பிடிக்கவில்லை. கம்பி கம்பியாக நீண்டு, இலைக்கும் இலைக்கும் நடுவே வெறும் தண்டு. நிறம் பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தேன். ஈரப் புல் வாசனை லேசாக வந்தது. இன்னொன்றைக் கிள்ளினேன். அதுவும் அப்படித்தான். கொத்தமல்லியையும் கிள்ளிப் பார்த்தேன். எனக்கு ஜலதோஷம்கூட இல்லை.

"அண்ணா, இந்தப் புதினா மணக்குதா?" என்று கேட்டேன்.

அவன் ஹாலிலிருந்தே, தலையைத் திருப்பாமல், "நல்லா மணக்குதே, இங்க வரைக்கும் வருது" என்றான்.

"எந்திரிச்சு வா. வந்து மோந்து பாத்துட்டுச் சொல்லு."

வந்தான். மோந்தான். இன்னொரு முறை மோந்தான். "கொஞ்சம் கம்மியாதான் இருக்கு" என்றான்.

"கம்மியா? இருக்கா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப இங்க வரைக்கும் வருதுன்னு எவன் சொன்னான்?"

மகளையும் கூப்பிட்டேன். விஷயம் கொட்டியது. தினமும் காலையில் அண்ணி தொட்டியில் முகத்தைப் புதைத்துப் பார்ப்பாளாம். ஒன்றும் வராது. உடனே திரும்பி, "இன்னைக்கு மணக்குதா, இல்ல செடிதான் சரியில்லையா?" என்று இவர்களைக் கேட்பாளாம். இவர்கள் நாற்காலியிலிருந்தே, "சூப்பரா மணக்குதும்மா", "கமகமன்னு இருக்கு" என்பார்களாம். ஒரு நாள்கூட ஒருவரும் எழுந்துபோய் மோந்து பார்த்ததில்லை. செடி மணக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை, அப்படியானால் தன் மூக்கு செத்துவிட்டது என்று அவள் முடிவு கட்டியிருக்கிறாள்.

"அவ மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..." என்று அண்ணன் அந்த முகத்தைத் தொங்கப் போட்டான்.

"வாய மூடு" என்றேன். மகளையும் ஒரு முறை முறைத்தேன். எழுந்து நாலடி நடக்கச் சோம்பேறித்தனம். அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு பொம்பளையின் பிழைப்பைக் குழிதோண்டிப் புதைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு யாரையாவது அறைந்திருப்பேன். கையை எங்கேயாவது வைக்க வேண்டுமே என்று தொட்டியைப் பிடித்தேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். செடிகள் ஜன்னலைப் பார்த்து நிற்கவில்லை. எல்லாத் தண்டும் ஒட்டுமொத்தமாக ஜன்னலின் இடது கோடிக்கு வளைந்திருந்தன. அந்தக் கோடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் பளீரென்று இருந்தது. மற்ற கண்ணாடி முழுக்கக் காபி நிறம்.

என் அண்ணனுக்கு கார் கண்ணாடிக்கு வெயில் ஃபிலிம் ஒட்டுகிற வேலை. இனி நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

"எதுக்கு ஒட்டின?"

"இவளுக்குப் புதினா வர ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல எதிர்வீட்டு பால்கனிப் பொம்பள, இவ தினமும் செடியில மூஞ்சிய வெச்சு மோந்துக்கிட்டு நிக்கறதப் பாத்து, அவ சிநேகிதிகிட்ட நடிச்சுக் காட்டிச் சிரிச்சா. எனக்கு அசிங்கமா போச்சு. ஒரு கார்ல மிச்சமான துண்டு இருந்துது. வெயில் சூடு வராதுன்னு சொல்லி ஒட்டினேன். அவளுக்கே பிடிச்சிருந்துது. உள்ள இருந்து பாத்தா வெளிய எல்லாம் தெரியும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

"துண்டு பத்தல போல."

"ஆமா, அந்தக் கோடில கொஞ்சம் விட்டுப்போச்சு."

ஃபிலிம் ஒட்டிய காரில் கற்றுக்கொடுத்து எனக்குத் தெரியும். கண் பழகிவிடும். வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதே மறந்துபோகும். செடிக்குக் கண் பழகாது போலிருக்கிறது. ஜன்னலைத் திறந்து காட்டினேன். தரையில் ஒரு பட்டை வெயில் விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெட்கமே இல்லாமல் அண்ணன், "அட, இவ்வளவு வெயிலா?" என்றான்.

செருப்பை மாட்டிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கொடுத்த கட்டை வேண்டாம் என்று, நானே மோந்து மோந்து ஒரு புதினாக் கட்டைப் பொறுக்கினேன். "வாங்கறீங்களா, சுவாசிக்கறீங்களா?" என்றார் அவர். காசைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினேன்.

திரும்பி வந்தபோது அண்ணி மாடியிலிருந்து இறங்கியிருந்தாள். மெலிந்து போயிருந்தாள். சாவிக்கொத்து கைப்பையிலிருந்து வெளியே வந்து மேசைமேல் கிடந்தது. புதினாக் கட்டைக் கண்டதும் கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாம்மா. மோந்து பாருன்னு மட்டும் சொல்லாத. உங்க அண்ணன் வர்றவங்க முன்னாடியெல்லாம் மூக்குகிட்ட எதையாவது நீட்டி, இது என்ன சொல்லு, இது என்ன சொல்லுன்னு விளையாட்டு காட்டினாரு. சிரிச்சுக்கிட்டேதான் தோத்தேன். இன்னொரு தடவ தோக்க எனக்குத் தெம்பு இல்ல."

இந்தச் செய்தி எனக்குப் புதிது. அண்ணன் பக்கம் திரும்பினேன். அவன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

நான் வற்புறுத்தவில்லை. "சமையலுக்குத்தான் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துப் புதினாவை ஆய உட்கார்ந்தேன். எனக்குச் சமையலும் வராது, ஆய்வதும் வராது. இலையைக் கிழித்து, காம்பைச் சேர்த்து, நல்லதைக் குப்பையில் போட்டு, குப்பையைத் தட்டில் போட்டேன். அண்ணி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"கொடு இங்க. பாக்கவே சகிக்கல" என்று பிடுங்கிக்கொண்டாள்.

கேன்டீன் கை. தண்டைத் தலைகீழாகப் பிடித்து ஓர் உருவு உருவினால் இலை எல்லாம் மொத்தமாக உதிரும். ஒரு தண்டு, இன்னொரு தண்டு. அடுத்த தண்டைப் பிடித்த கை பாதியில் நின்றது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"வருது" என்றாள். மறுபடி மோந்தாள். "பட்டாசு, வருது."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து போய்த் தொட்டியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிவந்தாள். அதை மோந்தாள். கடைப் புதினாவை மோந்தாள். திரும்ப அதை, திரும்ப இதை. சமையல்காரிக்கு வேறு ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் முகம் மெல்ல மாறியது.

"இதுல மணமே இல்லையே" என்றாள். மகளைப் பார்த்தாள். "கமகமன்னு இருக்குன்னியே?"

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "நீ அழுவியேன்னு..."

"அழுதேன்டி. இந்த வீட்ல தினமும் அழுதேன். நீங்க ரெண்டு பேரும் மணக்குது மணக்குதுன்னு சொன்ன ஒவ்வொரு நாளும் பாத்ரூம்ல போயி அழுதேன்." கத்தவில்லை அவள். என்னைப் போலக் கத்தத் தெரிந்திருந்தால் அந்த வீடு தப்பித்திருக்கும். "செடி செத்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற செடி வெச்சிருப்பேன். என் மூக்கையே தூக்கிப் போடச் சொல்லிட்டீங்களே."

நான் குளியலறைக் கதவை இடித்தேன். வெளியே வந்தவனிடம் மகளின் ஹேர் டிரையரைக் கையில் கொடுத்தேன். "ஒட்டத் தெரிஞ்சவனுக்கு உரிக்கத் தெரியும்ல? உரி." சூடு காட்டிக் காட்டி ஓரத்தைக் கிளப்பி, மூச்சு வாங்க உரித்தான். பசை போகச் சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தான். எதிர் பால்கனிப் பெண்மணி துணி எடுக்க வந்தவள் வேடிக்கை பார்த்தாள். நான் அவளைப் பார்த்துத் தொட்டியில் முகத்தைப் புதைத்து, ஆழமாக மோந்து காட்டினேன். உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை அண்ணியை நான்தான் கேன்டீனில் இறக்கிவிட்டேன். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாளா, வைத்துக்கொள்ளப் போகிறாளா என்று வழி முழுக்கச் சொல்லவில்லை. இறங்கும்போது விரலை மட்டும் ஒரு முறை மோந்து பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் நானும் அங்கேயே காத்திருந்தேன். அண்ணி வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வாசலிலேயே, "என்ன ஆச்சு?" என்றான். அவள் நேரே உள்ளே போனாள். கை கால் கழுவினாள். உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டு சூப் வைத்தாள். மேலே புதினாவைக் கிள்ளிப் போட்டாள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு?"

நான் ஒரு வாய் எடுத்தேன். எடுத்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த கரண்டியையும் விழுங்கினேன். இது எனக்கான கேள்வி இல்லை.

"சூப்பர்மா" என்றாள் மகள். அவ்வளவு நடந்த பிறகும். பழக்கம். அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் இன்னொரு கரண்டி வாயில் வைத்து, முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க சொல்லுங்க."

அண்ணன் வாயைத் திறந்தான். "நல்லா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். கரண்டியைக் கீழே வைத்தான். அந்த முகம் தொங்கப் போகிறது என்று நான் தயாரானேன். தொங்கவில்லை.

"உப்பு இல்ல" என்றான். "சுத்தமா உப்பே இல்ல."

"தெரியும்" என்றாள் அண்ணி. கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "சூப்பர்வைசரு பழைய எண்ணெய், புது எண்ணெய் ரெண்டையும் முன்னாடி வெச்சு எது எதுன்னு கேட்டாரு. ரெண்டும் எனக்கு ஒண்ணாதான் இருந்துது. குத்துமதிப்பா சொல்லியிருக்கலாம். தெரியலைங்கன்னு சொன்னேன். அப்புறம் எனக்குப் பின்னாடி யாரோ ரொட்டியக் கருக விட்டாங்க. திரும்பாமலே கருகுதுன்னு சொன்னேன். தெரியாததத் தெரியலன்னு சொல்றவங்களத்தான் கேஸ்கிட்ட நம்பி விட முடியும்னாரு. மூக்கு முழுசா வர்ற வரைக்கும் கூட ஒரு ஆள் போட்டுத்தர்றாராம். அடுப்பு என்னுது."

நான் துள்ளிக் குதித்தேன். மகள் ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அசட்டுச் சிரிப்போடு உப்பு டப்பாவை எடுக்க எழுந்தான்.

"உக்காருங்க" என்றாள் அண்ணி. "அப்படியே சாப்பிடுங்க."

சாப்பிட்டான்.